பினாங்கில் பக்கத்தில் நடந்தவர், திருகோணமலைக்கு வந்ததும் கடைக்குள் போய்விட்டார்

உப்புவெளி டீச்சர்

இந்தப் பக்கத்துக்கு வருகிற எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவுக்குப் போய் வந்து சில கிழமைகளாகிவிட்டன. பெட்டிகள் அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டன. கோடாலித் தைலமும் சொக்கலேட்டும் சேரவேண்டிய வீடுகளுக்குச் சேர்ந்து, சேராத வீட்டில் மனத்தாங்கலும் வந்து, அதுவும் ஆறிவிட்டது. பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. எல்லாம் பழையபடி. பழையபடி ஆனதுதான் எனக்குப் பிரச்சினை.

பிள்ளைகள் இருவரும் கொழும்பில் படிக்கிறார்கள். கலியாணம் முடித்த நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேர் மட்டும் என்று எங்கேயும் போனதில்லை. கதிர்காமம் போனாலும் வான் நிறைய ஆட்கள். இந்த முறை பிள்ளைகளே டிக்கெட் போட்டுத் தந்து அனுப்பிவிட்டார்கள். முதலில் கோலாலம்பூர், பிறகு பினாங்கு.

இவருக்கு முழங்கால் நோ. வீட்டில் தண்ணீர்த் தாங்கியைப் பார்க்க மாடிக்கு ஏறுவதற்கே வேறு ஆளைப் பிடிப்பார். பத்துமலையில் 272 படி. குரங்கு என் பையைப் பறிக்காமல் பார்த்துக்கொண்டு கடைசிப் படிவரை என் பக்கத்திலேயே வந்தார். பட்டர்வர்த் வரை ரயில், அங்கிருந்து ஃபெரியில் ஜார்ஜ் டவுன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் மகாமாரியம்மன் கோயில் பக்கத்திலிருந்து கடற்கரை வரைக்கும் நடப்போம். நடக்க நடக்க மனுசன் கதைக்கத் தொடங்கினார். 1990இல் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடிய அன்று எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று. அவருடைய ஐயாவோடு கடைசியாகச் சண்டை பிடித்ததை. என்னைப் பெண் பார்த்த நேரத்தில் இன்னொரு இடமும் பேசிக்கொண்டிருந்தார்களாம் (இதை இவ்வளவு காலமாக ஏன் மறைத்தார் என்பது தனிக் கதை). இத்தனை வருசம் ஒரே வீட்டில் இருந்தும் நான் கேள்விப்படாத கதைகள்.

இப்போது காலையில் கடைக்குப் போனால் இரவு ஒன்பதுக்கு வருகிறார். சாப்பாடு, செய்தி, படுக்கை. போன ஞாயிறு, "உப்புவெளிக் கடற்கரையில் கொஞ்சம் நடப்பமே" என்றேன். "அது வேற ஊர், இது வேற ஊர்" என்றுவிட்டு ரிமோட்டை எடுத்தார்.

அவரைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அவர் நல்ல மனுசன். வெளிநாடு போய்த் திரும்பிய மற்றச் சோடிகளுக்கும் இப்படித்தானா என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அரசடி வான்காரன்

அக்கா, கட்டுநாயக்காவிலிருந்து ஆட்களை ஏற்றி வருவதுதான் என் தொழில். நீங்கள் சொல்கிற மாற்றம் வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதில்லை, என் வானுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும்.

விமான நிலையத்தில் ஏறும்போது இரண்டு பேரும் பின் சீட்டில் இருந்து போனில் படம் பார்த்துச் சிரித்துக்கொண்டு வருவார்கள். குருநாகல் தாண்டும்வரை அதே சந்தோசம். தம்புள்ளையில் தேத்தண்ணிக்கு நிற்பாட்டினால் ஐயா இறங்கி ஒரு பக்கமாகப் போய்க் கோல் எடுப்பார். "இன்றைக்குக் கடை திறந்தது ஆர்? அந்த ஆள் காசு தந்தவரோ?" அம்மா மறுபக்கத்தில் தங்கச்சியாருக்கு எடுத்து, மோட்டர் போட்டுத் தண்ணீர் நிரப்பச் சொல்வார். ஹபறணைச் சந்தியில் வான் திரும்பும்போது ஐயா முன் சீட்டுக்கு வந்து என்னோடு டீசல் விலை கதைக்கத் தொடங்கிவிடுவார். பின்னால் அம்மா நித்திரை. கந்தளாய்க் குளத்தைப் பார்க்கும் நேரம் இரண்டு பேரும் திருமலை ஆட்களாக மாறிவிடுவார்கள்.

அதனால் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: இரவில் வந்து இறங்கினால் அப்படியே ஊருக்கு ஓடச் சொல்லாதீர்கள். நீர்கொழும்பில் எங்கேயாவது படுத்து எழும்பிக் காலையில் வெளிக்கிடலாம். ஹபறணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இரவில் யானை ரோட்டில் நிற்கும், அது ஒரு காரணம். மற்றக் காரணம், அந்த ஒரு இரவும் உங்கள் விடுமுறைக் கணக்கில்தான் சேரும். வாடகை எனக்கு எப்படியும் ஒன்றுதான், ஆகவே இது வியாபாரப் பேச்சு இல்லை.

பழைய துறைமுகம்

2022இல் பெற்றோலுக்கும் சமையல் காஸுக்கும் வரிசையில் நின்ற ஊர் இது. இன்றைக்குப் பினாங்கில் நடந்ததை நினைத்து ஏக்கம் வருகிறதாம். சரி, நல்லது. குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனால் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

எங்கள் பெரியப்பா மலாயா ரயில்வேயில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்து ஆட்கள் அங்கே ரயில்வேயிலும் கந்தோர்களிலும் நிறைந்திருந்தார்கள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள கந்தசுவாமி கோயில் அவர்கள் கட்டியதுதான், டீச்சர் போனீர்களோ தெரியாது. பெரியப்பாவும் பெரியம்மாவும் வாழ்க்கையின் முக்கால் பங்கை அங்கே கழித்துவிட்டு, மலாயன் பென்சனியர் என்ற பெயரோடு ஊருக்கு வந்தார்கள். வந்தவர் தலைவாசலில் சாய்மனைக் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். பெரியம்மா குசினிக்குள் போனார். இப்படி மாறிவிட்டதே என்று அவர்கள் யாரிடமும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இன்னொன்று. பினாங்கும் நாங்களும் ஒரே கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிற துறைமுகங்கள். ஜப்பான்காரன் 1941 டிசம்பரில் அங்கே குண்டு போட்டான், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி இங்கே போட்டான். அங்கே பழைய கட்டடங்களைப் பூசி மெழுகி, 2008இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்து, உலகத்தையே கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். எங்களிடமும் கோட்டை இருக்கிறது. அங்கே எத்தனை பேர் மனைவியோடு நடந்திருக்கிறீர்கள்? காசு கட்டிப் போனால்தான் கால் நடக்குமோ?

கிண்ணியா மச்சான்

துறைமுகம் ஐயா, உங்கள் பெரியம்மா கேட்கவில்லை என்றால் கேட்க ஆள் இருக்கவில்லை என்றும் இருக்கலாம். டீச்சர் கேட்டுவிட்டார், விடுங்கள்.

டீச்சர், என் அனுபவம் கொஞ்சம் வேறு. நானும் மனைவியும் முதலில் வெளிநாடு போனது உம்ராவுக்கு. திரும்பி வந்த அன்று வீதியே வீட்டில்தான். ஸம்ஸம் தண்ணீரைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தோம், பேரீச்சம்பழம் கொடுத்தோம். கஃபாவை முதலில் கண்டபோது எப்படி இருந்தது என்று கேட்டார்கள். மனைவி சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன், நான் சொல்ல அவர் இடையில் திருத்தினார். நாலைந்து இரவு இப்படி. அதாவது போய் வந்ததை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஊருக்குச் சொல்லி முடித்தோம். பிறகுதான் பழைய வேலைக்குத் திரும்பினோம், மனமும் கூடவே வந்தது.

பிந்தி ஒரு முறை லங்காவிக்குப் போனோம், சும்மா சுற்றிப்பார்க்க. திரும்பி வந்தபோது ஒரு சனமும் எட்டிப் பார்க்கவில்லை. கண்டவர்கள் கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு முடிஞ்சிது?" உம்ராவுக்கு அதைவிடக் கூடவே செலவானது, அதை ஒருவரும் கேட்கவில்லை. சந்தோசத்துக்காகப் போய் வந்தால் அதைப் பற்றிக் கதைக்க எங்கள் ஊரில் இடமே இல்லை. நானும் மனைவியும் லங்காவியைப் பற்றி வாய் திறக்காமலே இருந்துவிட்டோம், ஏதோ களவு செய்த ஆட்கள்போல.

அந்தக் காலத்தில் பாலம் இல்லாதபோது பாதையில், அதுதான் அக்கரை சேர்க்கும் மிதவைப் படகில், ஏறித்தான் கிண்ணியாவுக்குள் வர வேண்டும். வெளியூர் போய் வருகிறவர் கரையில் பாதைக்குக் காத்து நிற்கும் நேரத்திலேயே பாதிக் கதையைச் சொல்லி முடித்துவிடுவார். 2009இல் பாலம் வந்தது, 396 மீற்றர், அப்போது இலங்கையிலேயே நீளமான பாலம் என்று எங்களுக்குப் பெருமைதான். இப்போது ஒரு நிமிசத்தில் வீட்டுக்குள். (பினாங்குப் பாலம் 13.5 கிலோமீற்றர் என்று யாரும் எழுத வேண்டாம், எனக்கும் தெரியும்.)

மத்திய வீதிக் கடைக்காரன்

டீச்சரின் கணவர் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவராகவும் இருக்கலாம், எல்லாரும் ஒரே வீதியில்தானே. அவருடைய பக்கத்தைச் சொல்லவும் ஒருவர் வேண்டும்.

நானும் கடை வைத்திருக்கிறேன். என் மனுசியோடு கடற்கரைக்கு நடந்துபோனால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். வீட்டுக் கேற்றைப் பூட்டும்போதே பக்கத்து வீட்டு மாமி: "எங்கை, ஆஸ்பத்திரிக்கோ?" முதல் சந்தியில் எனக்குக் காசு தரவேண்டியவர் நிற்பார். நான் காசு கேட்கத்தான் வருகிறேன் என்று நினைத்து, நான் ஒன்றும் கேட்காமலே அடுத்த கிழமைக்குத் தவணை சொல்லுவார். அவரைத் தாண்டினால் நான் காசு கொடுக்கவேண்டியவர். பிறகு மேசன் பாஸ் ஒருவர், டைல்ஸ் வந்துவிட்டதா என்று. ஓட்டோக்காரத் தம்பி வேகத்தைக் குறைத்து, "அண்ணை, மோட்டர்சைக்கிள் பழுதோ? ஏறுங்கோ, விடுறன்." கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே மகளின் ரியூஷன் சேர். கடைசியில் ஒருவர் வந்து, முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, "டொக்டர் நடக்கச் சொன்னவரோ? சீனி எவ்வளவு?" என்பார். எங்கள் ஊரில் புருசனும் பெண்சாதியும் சேர்ந்து நடந்தால் ஒன்றில் நேர்த்தி, இல்லையென்றால் நீரிழிவு.

பினாங்கில் அந்த மனுசனை யாருக்கும் தெரியாது. கடன் வாங்கியவனும் இல்லை, கொடுத்தவனும் இல்லை. யாருடையவோ மகன், யாருடையவோ மருமகன், சங்கத்துப் பொருளாளர் எல்லாவற்றையும் விமான நிலையத்தில் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டாக வேண்டும். "அது வேற ஊர்" என்று அவர் சொன்னது அதைத்தான். உங்களோடு நடக்க விருப்பமில்லாமல் சொன்னதாக எடுக்க வேண்டாம்.

உப்புவெளி டீச்சர்

சிரித்துவிட்டேன். அவர் உண்மையிலேயே ஒரு சங்கத்தில் பொருளாளர். நீங்கள் தெரிந்தவர்தான் என்று நினைக்கிறேன், பரவாயில்லை.

நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் அந்தத் தெரிந்த முகங்களைக் கரைச்சல் என்று மட்டும் தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் வந்து இறங்கிய அன்று வீட்டில் ஒன்றும் இல்லை, கச்சான் காற்றில் முற்றம் முழுக்கப் புழுதி. பக்கத்து வீட்டு அக்கா இடியப்பமும் சொதியும் சூடையில் ஒரு பொரியலும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நாங்கள் இல்லாத நாட்களில் செவ்வரத்தைக்குத் தண்ணீர் ஊற்றியதும் அவர்தான். பினாங்கில் நாங்கள் தங்கிய விடுதியில் பக்கத்து அறையில் யார் இருந்தார்கள் என்று கடைசிவரை தெரியாது. "எங்கை போறீங்கள்" என்று கேட்பதும் இடியப்பம் கொண்டுவருவதும் ஒரே ஆள்தானே.

துறைமுகம் ஐயாவுக்கு: கந்தசுவாமி கோயிலுக்குப் போனோம். உங்கள் பெரியப்பா காலத்து ஆட்களின் பேரப்பிள்ளை ஒருவரோடு கதைத்தோம். திருகோணமலை என்றதும் கோணேசர் கோயிலைப் பற்றிக் கேட்டார், மான்கள் இன்னும் நிற்கின்றனவா என்று கேட்டார். சிறுவயதில் ஒரு முறை வந்தவராம்.

ஸ்காபரோ திருமலையான்

கடைக்காரன் அண்ணைக்கு ஒரு மறுப்பு. யாருக்கும் தெரியாத ஊரில் இருந்தால் புருசன் மனைவி நடந்து நடந்து கதைப்பார்கள் என்றால் கனடாவில் இருக்கிற நாங்கள் இவ்வளவு காலத்துக்கு உலகத்தையே சுற்றி நடந்திருக்க வேண்டும்.

எனக்கு இரவு வேலை, மனைவிக்குப் பகல் வேலை. வாசலில்தான் சந்திப்பு. "சோறு மைக்ரோவேவில் இருக்கு", "பிள்ளையின் பல்லு டொக்டர் நாலு மணிக்கு", முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது, அவருக்கும் எங்கள் பெயர் தெரியாது. நடக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். வெளியே பனி.

எங்களுக்கு வெளிநாட்டு விடுமுறை என்றால் நீங்கள் இருக்கிற ஊர்தான். நிலாவெளியில் மாமி வீட்டில் நிற்கும் நாட்களில் மனைவியோடு தனியாக ஐந்து நிமிசம் கிடைக்காது, ஆனால் அந்த நாட்களில்தான் நாங்கள் ஒரே நேரத்துக்குச் சாப்பிட்டு ஒரே நேரத்துக்குப் படுக்கிறோம். திரும்பும்போது பெட்டி முழுக்கக் கருவாடும் கறித்தூளும். ரொறன்ரோவில் இறங்கி, பெட்டியைத் திறக்கச் சொல்வார்களோ என்ற பயம் போன பிறகு, டாக்சியில் மனைவி அழத் தொடங்குவார். நான் சமாதானம் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் என் குரலும் சரியாக இருக்காது. பிறகு சில நாட்களுக்கு இரண்டு பேரும் இரவு இரண்டு மணிக்கு முழித்துக்கொண்டிருப்போம். நேர வித்தியாசத்தால் நித்திரை வராது. அந்த நேரம்தான் நாங்கள் கதைப்பது. உடம்பு கனடா நேரத்துக்குப் பழகியதும் அதுவும் நின்றுவிடும்.

அதனால் நான் சொல்வேன், ஊர் அல்ல காரணம். நேரம். டீச்சரின் கணவர் இரவு ஒன்பதுக்கு வந்தால் அவரிடம் கதைக்க என்ன மிச்சம் இருக்கும்?

நிலாவெளி மருமகள்

நான் இங்கே ஒரு ஹோட்டலில் வரவேற்பில் வேலை செய்கிறேன். நீங்கள் எல்லாரும் வெளிநாடு போகிறீர்கள், நாங்கள் வெளிநாட்டுக்காரரைப் பார்க்கிறோம். மாரியில் கடல் அடிக்கும்போது ஆட்கள் குறைவு. சித்திரையிலிருந்து புரட்டாதி வரை கடல் அமைதி, அப்போது அறைகள் நிரம்பும். சோடிகள்தான் கூட.

ஸ்காபரோ அண்ணா, அவர்களுக்கு நேரம் இருக்கிறது. கடைக்காரன் அண்ணா, அவர்களை இங்கே யாருக்கும் தெரியாது. அப்படியிருந்தும் காலைச் சாப்பாட்டில் பாதிப் பேர் ஆளுக்கொரு போனோடு இருப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. நாள் முழுக்க நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் படுத்திருந்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

கதைக்கிறவர்கள் யார் தெரியுமா? வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, புறாமலைத் தீவுக்குப் படகு எத்தனை மணிக்கு, கன்னியா வெந்நீரூற்றுக்குப் பஸ்ஸில் போவதா ஓட்டோவில் போவதா என்று சண்டை பிடிப்பவர்கள். ஒருவருக்குப் பாதை தெரியும், மற்றவருக்குக் காசுக் கணக்குத் தெரியும். ஒருவர் இல்லாமல் மற்றவர் வெளிக்கிட முடியாது.

டீச்சர், பினாங்கில் பஸ் பார்த்தது யார்? ஆங்கிலத்தில் கேட்டது யார்? நீங்கள்தான் என்று நினைக்கிறேன். காசு வைத்திருந்தது அவர். குரங்கைப் பார்த்துக்கொண்டதும் அவர். இங்கே வந்ததும் அவருக்குக் கடை, உங்களுக்குப் பள்ளிக்கூடமும் வீடும். ஒருவர் வேலைக்கு மற்றவர் தேவையில்லை. என் வீட்டிலும் அதுதான். மாமியாரோடு இருக்கிறோம், சமையல் முதல் சாமான் வாங்குவது வரை எல்லாவற்றுக்கும் அவர் இருக்கிறார், நானும் என் கணவரும் சேர்ந்து தீர்மானிக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. போன மாதம் மாமி மகள் வீட்டுக்குப் போன நேரம் காஸ் முடிந்துவிட்டது. அன்று இரவு நாங்கள் கதைத்ததுபோல வேறு எப்போதும் கதைக்கவில்லை!

பழைய துறைமுகம்

இந்தப் பிள்ளை எழுதியதைப் படித்த பிறகு என் முதல் பதிவைத் திரும்பப் படித்தேன். பெரியப்பா ரயில்வேயில் இடமாற்றம் கிடைக்கும்போதெல்லாம் பெரியம்மாவோடு சேர்ந்துதான் வீடு பார்ப்பாராம், சாமான் கட்டுவாராம், மலாய்ப் பாஷையில் பேரம் பேசுவது பெரியம்மாதானாம். சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஊரில் பேரம் பேசத் தம்பிமார் இருந்தார்கள்.

கோட்டையைப் பற்றி மறுபடி சொல்கிறேன், கோபம் வேண்டாம். கோட்டைக்குள், கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலையில் 1687 என்று பொறித்த தூண் ஒன்று நிற்கிறது. ஒல்லாந்துக்காரப் பெண் ஒருத்தி காதலன் கப்பலேறிப் போனதைப் பார்த்துக் கடலில் குதித்தாள் என்று எல்லாருக்கும் கதை சொல்வார்கள். ஒல்லாந்தர் பதிவுகளின்படி அவள் பிறகும் உயிரோடு இருந்து கலியாணமும் செய்தவள். எனக்கு அந்த இரண்டாவது கதைதான் பிடிக்கும். கேட்க யாருக்கும் பொறுமை இல்லை.

அரசடி வான்காரன்

ஐயா, இந்தக் கதையை நான் இனி வானில் வருகிறவர்களுக்குச் சொல்லப் போகிறேன். இவ்வளவு நாளும் குதித்த கதையைத்தான் சொல்லி வந்தேன், அதற்குத்தான் டிப்ஸ் கூட வரும்.

உப்புவெளி டீச்சர்

கொஞ்ச நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

இவர் இதைப் படித்துவிட்டார். நான் காட்டவில்லை, கொழும்பிலிருந்து மகள் அனுப்பியிருக்கிறாள், "அப்பா, இது நீங்களா?" என்று. இரவுச் சாப்பாட்டில் ஒன்றும் சொல்லவில்லை. கை கழுவிவிட்டு வந்து, "அந்தக் கடைக்காரன் ஆரெண்டு எனக்குத் தெரியும்" என்றார். அவ்வளவுதான். நான் பயந்துபோய் இருந்தேன்.

அடுத்த நாள் விடிய எழுப்பி, "கோயிலுக்குப் போவம்" என்றார். கோட்டை வாசலில் மோட்டர்சைக்கிளை விட்டுவிட்டு உள்ளே நடந்தோம். அந்த நேரத்தில் வெயில் இல்லை, மான்கள் ரோட்டோரம் படுத்திருக்கும், கடலை விற்கிற கச்சான் கடைகள் இன்னும் திறந்திருக்காது. இரண்டு பேர் எதிரே வந்து கேட்டார்கள், "எங்கை?" இவர் "கோயிலுக்கு" என்றார். அதற்கு மேல் ஒரு கேள்வி இல்லை! கிண்ணியா மச்சான் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. கோயிலுக்கு என்றால் எங்கள் ஊரில் யார் யாரோடும் நடக்கலாம். இதைக் கண்டுபிடிக்கப் பினாங்கு வரை போயிருக்கத் தேவையில்லை என்று துறைமுகம் ஐயா எழுதுவார், எழுதட்டும்.

ஏறும்போது கதைக்கவில்லை, முழங்கால். சாமி கும்பிட்டு இராவணன் வெட்டு என்கிற மலைப்பிளவுப் பக்கம் கொஞ்சம் நின்றுவிட்டு இறங்கும்போது கதைத்தார். என்ன கதை என்று கேட்காதீர்கள். சீமெந்து விலை. அதற்குப் பிறகு யாரோ ஒரு கொந்தராத்துக்காரர் தரவேண்டிய காசு. நான் என் தலைமை ஆசிரியையைப் பற்றிச் சொன்னேன். 1990 இல்லை, பெண் பார்த்த கதை இல்லை. ஆனாலும் கொந்தராத்துக்காரரிடம் எப்படிக் கேட்பது என்று என்னிடம் அபிப்பிராயம் கேட்டார், அது புதிது. நான் சொன்னபடி ஒரு கடிதம் எழுதினோம், ஆங்கிலத்தில், என் கையால். காசு இன்னும் வரவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் போகிறோம், சில நேரம் பௌர்ணமிப் போயா நாளிலும். கடையை அன்றைக்குப் பொடியன் திறக்கிறான். ஒருநாள் பிந்தித் திறந்ததால் ஒரு வியாபாரம் போனது என்று முணுமுணுத்தார், அடுத்த வெள்ளியும் வந்தார்.

மத்திய வீதிக் கடைக்காரன்

அந்த வியாபாரம் என்னிடம் வந்தது. நன்றி, டீச்சர்.

ஸ்காபரோ திருமலையான்

மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். இங்கே பக்கத்தில் ஒரு கோயில் இருக்கிறது, காரில்தான் போக வேண்டும். நான் வேலை முடிந்து வரும் நேரமும் அவர் வெளிக்கிடும் நேரமும் சனிக்கிழமையில் கொஞ்சம் ஒத்துவரும்போலத் தெரிகிறது, பார்ப்போம். முதலில் பனி விடட்டும்.

நிலாவெளி மருமகள்

டீச்சர், எனக்கு ஒரு சந்தேகம், இந்தப் பேச்சுக்குச் சம்பந்தமில்லைத்தான். வருகிற வருசம் நாங்கள் இரண்டு பேரும் மலேசியா போக யோசிக்கிறோம். மாமி ஓர்க்கிட் கன்று கேட்கிறார். நீங்கள் கொண்டுவந்தீர்களா?

உப்புவெளி டீச்சர்

ஆசையாகத்தான் இருந்தது, கொண்டுவரவில்லை. உயிர்ச்செடிக்கு முன்கூட்டியே எங்கள் விவசாயத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதி எடுக்க வேண்டும், அந்த நாட்டிலிருந்து தாவர சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். இல்லாமல் கொண்டுவந்தால் கட்டுநாயக்காவில் எடுத்துவிடுவார்கள். மாமிக்குக் கண்டிப் பக்கம் நல்ல ஓர்க்கிட் வாங்கலாம். பினாங்கிலிருந்து வெள்ளைக் கோப்பிப் பக்கற் கொண்டுவாருங்கள், பாரம் குறைவு, எல்லா வீட்டுக்கும் பிரித்துக் கொடுக்கலாம். எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டியே வாங்குங்கள்.